கொங்கு நாட்டு நர்ஸ்கள்: படிப்பவர்கள் ஏராளம், தங்குபவர்கள் கொஞ்சம்

ஈரோட்டில் பெருந்துறை ரோடு நெடுக ஆஸ்பத்திரிகள். கோவையில் அவிநாசி ரோட்டில் பீளமேட்டைத் தாண்டும் வரைக்கும் அதே கதைதான். சேலம், நாமக்கல், கரூர், திருப்பூர், பொள்ளாச்சி என்று எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் ஒரு நோட்டீஸ் கண்ணில் படும்: "நர்ஸ்கள் தேவை. பி.எஸ்சி., ஜி.என்.எம்., ஏ.என்.எம். முடித்தவர்கள் அணுகவும். தங்குமிடம், உணவு உண்டு." மழை, வெயில் பார்க்காமல் வருஷம் பூராவும் ஒட்டப்படும் நோட்டீஸ் இது. அதே ஊர்களில் நர்சிங் முடித்த பெண்கள் மெடிக்கல் கோடிங் கம்பெனியில், அதாவது நோயாளி விவரங்களை இன்சூரன்ஸ் பில்லுக்கான குறியீடாக மாற்றும் இடத்தில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் ஆஸ்பத்திரியிலேயே இன்சூரன்ஸ் கவுன்டரில் ஃபைல் பார்க்கிறார்கள். சிலர் கல்யாணத்தோடு வேலையை விட்டுவிட்டார்கள். சிலர் வளைகுடா நாட்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்று ஆஸ்பத்திரிகள் சொல்கின்றன. வேலை சரியில்லை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இரண்டுமே உண்மை. கொங்கு வட்டாரம் நர்ஸ்களை உருவாக்குவதில் பின்தங்கவில்லை. உருவாக்கியவர்களைப் பத்து வருஷம் வைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் இங்கே இல்லை. பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதிலிருந்து வருவது என்பது என் கருத்து. அது எப்படி என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் எண்ணிக்கை. இந்தியா முழுக்கப் பதிவு பெற்ற நர்சிங் பணியாளர்கள் 33 லட்சத்துக்கும் மேல். மக்கள்தொகையால் வகுத்தால் ஆயிரம் பேருக்குச் சுமார் 2 பேர். உலக அளவில் பலரும் எடுத்துக்காட்டும் அளவு ஆயிரத்துக்கு 3. தமிழ்நாட்டை மட்டும் எடுத்தால் படம் மாறுகிறது. நர்ஸ்களைப் பதிவு செய்யும் மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டில் உள்ளவர்கள் 3 லட்சத்தைத் தாண்டுகிறார்கள். ஏழரைக் கோடிச் சொச்சம் மக்களுக்கு அது ஆயிரத்துக்கு ஏறக்குறைய 4. காகிதத்தில் நாம் அளவைத் தாண்டிவிட்டோம்.

ஆனால் அந்தப் பதிவேடு வார்டில் நிற்பவர்களின் கணக்கு இல்லை. 1926-ஆம் வருஷத்துச் சென்னை மாகாணச் சட்டத்தின் வழி வந்த கவுன்சில் அது. ஒருமுறை பெயர் ஏறினால் அவர் குவைத் போனாலும், வீட்டில் இருந்தாலும், காலமாகியிருந்தாலும் பெயர் நிற்கும். இதைச் சரிசெய்யத்தான் ஒவ்வொரு நர்ஸுக்கும் தேசிய அளவில் தனி அடையாள எண் கொடுத்து, ஆதாரோடு இணைத்துப் புதிய பதிவேடு உருவாக்கினார்கள். மாவட்ட வாரியாக எத்தனை பேர் இன்று உண்மையில் வேலையில் இருக்கிறார்கள் என்ற விவரத்தைச் சாதாரண ஆள் ஒருவர் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி வைத்தால்தான் அந்த முயற்சிக்கு அர்த்தம்.

மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து மில் டிரஸ்ட் வரை

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே நர்சிங் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நர்சிங் பள்ளி 1909-இல் வந்தது, பட்டப்படிப்பு 1946-இல். கொங்குப் பக்கம் இந்தத் தொழிலை முதலில் ஊன்றியவை மிஷன் ஆஸ்பத்திரிகள்தான். ஈரோட்டில் லண்டன் மிஷன்காரர்கள் தொடங்கி இன்று சி.எஸ்.ஐ. நிர்வாகத்தில் இருக்கும் ஆஸ்பத்திரி அதில் ஒன்று. பழனிக்குப் பக்கத்தில் ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் ஏ. கே. தரியன் முதலானோர் 1955-இல் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை அந்த வறண்ட வட்டாரத்துக்கே பெரிய ஆஸ்பத்திரியாகி, நர்சிங் பள்ளியும் நடத்தியது. அந்தக் காலத்து மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள் பெரும்பாலும் அதே ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தார்கள். சம்பளம் அதிகம் இல்லை. ஆனால் குவார்ட்டர்ஸ் இருந்தது, மரியாதை இருந்தது, ஹெட் சிஸ்டர் ஆகும் வழி இருந்தது.

அடுத்து வந்தது மில் பணம். கோவையில் லட்சுமி மில் குடும்பத்தின் குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை 1952-இல் வந்தது. எழுபதுகளில் கே.ஜி., ஸ்ரீ ராமகிருஷ்ணா, கங்கா என்று வரிசையாக எழுந்தன. 1990-இல் கே.எம்.சி.எச். வந்தது. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1994-இல் நர்சிங் கல்லூரி ஆரம்பித்தது. பஞ்சாலை, பம்ப்செட், பொறியியல் கல்லூரி என்று வளர்ந்த கொங்கின் மூலதனம் அதே வேகத்தில் மருத்துவத்துக்கும் வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அதோடு ஒரு நர்சிங் கல்லூரி, பாராமெடிக்கல் கல்லூரி என்பது இங்கே வழக்கமான அமைப்பாகிவிட்டது. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் பொறியியல் கல்லூரி நடத்தும் டிரஸ்டுகளே நர்சிங்கையும் தொடங்கின.

அரசுப் பக்கமும் கட்டடங்கள் பெருகின. கோவை, சேலம், தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குப் பிறகு பெருந்துறையும் கரூரும் வந்தன. 2022 ஜனவரி 12-இல் ஒரே நாளில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாமக்கல், திருப்பூர், நீலகிரி, கிருஷ்ணகிரி நான்கும் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. கட்டடமும் டாக்டர் சீட்டும் செய்தியாகின்றன. அந்தப் படுக்கைகளுக்கு எத்தனை நிரந்தர நர்ஸ் பணியிடம் உருவாக்கினார்கள் என்பதைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

யார் வருகிறார்கள்

நிலபுலன் வைத்திருந்த குடும்பங்கள் ரொம்ப காலம் பெண்களை இந்த வேலைக்கு அனுப்பவில்லை. ராத்திரி வேலை, முன்பின் தெரியாத ஆணின் உடம்பைத் தொடுவது, மலம் சீழ் துடைப்பது என்பதெல்லாம் சாதியோடும் 'கௌரவத்தோடும்' பிணைந்த தயக்கங்கள். அதனால் முதல் தலைமுறை நர்ஸ்களில் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்களும் கேரளத்துப் பெண்களும் நிறைய. கோவைக்குப் பாலக்காடு பக்கத்து வீடு. வாளையாறு வழியாக வந்த சேச்சிகள் கோவை வார்டுகளைப் பல வருஷம் தாங்கினார்கள்.

இன்று வகுப்பறையின் முகம் வேறு. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓட்டுகிறவரின் மகள், நாமக்கல் லாரி டிரைவரின் மகள், ஏற்காடு கொல்லிமலைப் பழங்குடிக் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பெண், தாராபுரம் பக்கத்து விவசாயக் கூலித் தொழிலாளியின் மகள். பலர் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்ததும் இவர்களுக்குக் கொஞ்சம் கை கொடுத்தது. பன்னிரண்டு முடித்த பெண்ணுக்கு ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலும் பனியன் கம்பெனியும் எப்போதும் வாசலைத் திறந்து வைத்திருக்கும் வட்டாரம் இது. அதைத் தாண்டி நாலு வருஷம் படிக்க வைக்கலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுப்பது சின்ன விஷயம் இல்லை. ஆட்டை விற்று, குழுக் கடன் வாங்கித்தான் பலர் முதல் வருஷ ஃபீஸ் கட்டுகிறார்கள். நர்சிங் படித்தால் வேலை நிச்சயம் என்ற நம்பிக்கைதான் காரணம். வேலை நிச்சயம் என்பது சரிதான். என்ன சம்பளத்துக்கு என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆண்கள் கொஞ்சம்தான். நர்ஸ் வேலைக்காக எய்ம்ஸ் நடத்தும் பொதுத் தேர்வில் பெண்களுக்கு 80 சதவீதம், ஆண்களுக்கு 20 என்றே பிரித்திருக்கிறார்கள்.

படிப்பு: நான்கு படிகள், ஒரு கள்ளப்படி

ஏ.என்.எம். என்பது இரண்டு வருஷம். கிராம சுகாதார நர்ஸ் ஆகும் வழி அது. தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, வீடு வீடாகப் போவது எல்லாம் அவர் வேலை. ஜி.என்.எம். மூன்று வருஷ டிப்ளமோ. முன்பு மூன்றரை வருஷமாக இருந்தது. பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நீட் இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கவுன்சலிங் நடக்கிறது. அதற்கு மேல் எம்.எஸ்சி. இரண்டு வருஷம். ஜி.என்.எம். முடித்தவர் இரண்டு வருஷம் கூடுதலாகப் படித்துப் பட்டதாரி ஆகலாம். ஜி.என்.எம்.மும் பி.எஸ்சி.யும் முடித்தவர்கள் நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் (பிரசவம் பார்ப்பவராகவும்) சேர்த்தே பதிவாகிறார்கள்.

இவை சட்டப்படியான படிகள். அப்புறம் ஒன்று இருக்கிறது. சின்ன ஆஸ்பத்திரியின் மாடியிலோ, கம்ப்யூட்டர் சென்டருக்குப் பக்கத்து அறையிலோ நடக்கும் 'ஒரு வருஷ நர்சிங் கோர்ஸ்'. நர்சிங் அசிஸ்டென்ட் என்று சர்டிபிகேட் தருவார்கள். அதை வைத்து எந்தக் கவுன்சிலிலும் பதிய முடியாது. அந்தப் பெண்ணும் அதே மாதிரி யூனிஃபார்ம் போடுகிறார், ஊசி போடுகிறார், டிரிப் ஏற்றுகிறார், நோயாளி அவரையும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார். இருபது படுக்கை ஆஸ்பத்திரிகள் பல இப்படித்தான் ஓடுகின்றன. அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது நர்சிங் என்றுதான். ஐந்து வருஷம் அனுபவப்பட்ட பிறகு ஒரு அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் தாங்கள் பதிவேட்டிலேயே இல்லை என்பது தெரிகிறது. தகுதி பெற்ற நர்ஸின் சம்பளத்தைக் கீழே பிடித்து வைப்பதும் இந்தக் கள்ளப்படிதான். பாதிச் சம்பளத்துக்கு ஒருவர் கிடைக்கும்போது முழுச் சம்பளம் எதற்கு என்று சின்ன ஆஸ்பத்திரி கேட்கும்.

படிப்பின் தரத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் ஆங்கிலம், ஆசிரியர் தகுதி என்று போவார்கள். நான் பிரசவ வார்டை எடுத்துக்காட்டாகச் சொல்வேன். மிட்வைஃப் என்று பதிவாகப்போகும் மாணவி சுகப்பிரசவங்களைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், பிறகு மேற்பார்வையில் தானே நடத்த வேண்டும், ஒவ்வொன்றையும் ரெக்கார்டில் எழுத வேண்டும். ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். தன் கல்லூரியின் சொந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவப் பயிற்சி எடுக்கும் மாணவிக்கு மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் சுகப்பிரசவமாகக் கண்ணில் படும். அதையும் பெரும்பாலும் டாக்டரே பார்ப்பார். ஆகவே கல்லூரிகள் மாணவிகளை அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்கு அனுப்புகின்றன. அங்கே நாலைந்து கல்லூரி மாணவிகள் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். பயிற்சியின் உண்மையான எல்லை அந்தக் கட்டில்தான். சீட்டைக் கூட்டுவது எளிது. பிரசவங்களைக் கூட்ட முடியாது. மனநலப் பிரிவுக்கும் ஏறக்குறைய இதே நிலைமை. அந்தப் பயிற்சிக்காகப் பல கல்லூரிகள் மாணவிகளை வெளியூருக்கு அனுப்புகின்றன.

மகளைச் சேர்க்கப் போகிறவர்கள் கல்லூரிக் கட்டடத்தைப் பார்ப்பதைவிட மூன்று விஷயங்களைக் கேட்பது நல்லது. இந்திய நர்சிங் கவுன்சில், மாநிலக் கவுன்சில் இரண்டின் அங்கீகாரப் பட்டியலிலும் இந்த வருஷம் பெயர் இருக்கிறதா? சொந்த ஆஸ்பத்திரி உண்டா, அதில் படுக்கைகள் உண்மையில் நிரம்புகின்றனவா? படிப்பு முடிந்ததும் அதே ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்பார்களா? கடைசிக் கேள்வி முக்கியம். படித்து முடித்த பெண்ணின் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, இரண்டு வருஷம் கழித்துத்தான் தருவோம் என்று சொல்லும் வழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. இப்படி பாண்ட் வாங்கக் கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லியே இருக்கிறது. சர்டிபிகேட் அவருடைய சொத்து. அதைப் பிடித்து வைக்க எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை கிடையாது.

ஒரு வார்டுக்கு எத்தனை பேர்

வெளியே இருப்பவர்களுக்குப் புரியாத கணக்கு ஒன்று உண்டு. பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். முப்பது படுக்கை வார்டுக்கு ஐந்து பேர் போதும் என்று தோன்றும். அது ஒரு ஷிஃப்டுக்கு. காலை, மதியம், இரவு மூன்றுக்கும் சேர்த்தால் 15. வாராந்திர ஓய்வு, லீவு, நைட் முடித்த மறுநாள் ஆஃப் இவற்றுக்காக 30 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது வழக்கமான விதி. ஆக 20 பேர். ஐ.சி.யு. என்றால் வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒருவர், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும். இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் இதைவிடத் தாராளமானது: பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர், கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்றுக்கு ஒருவர்.

நடைமுறையில் ராத்திரி பத்து மணிக்கு அந்த முப்பது படுக்கை வார்டில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். அந்த இரண்டில் ஒருவர் படிப்பு முடித்து ஆறு மாசம் ஆனவராக இருப்பார். பகலில் குறையை நிரப்புவது யார் என்றால் மாணவிகள். பயிற்சி என்ற பெயரில் வந்தவர்கள் பி.பி. பார்க்கிறார்கள், மருந்து எடுத்துக்கொடுக்கிறார்கள், நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கல்லூரி உள்ள ஆஸ்பத்திரி குறைந்த நர்ஸ்களை வைத்தே ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபீஸ் கட்டிப் படிப்பவர் வேலையும் பார்த்துக்கொடுக்கிறார்.

நோயாளியின் பில்லைப் பார்த்தால் அதில் 'நர்சிங் சார்ஜ்' என்று தினமும் ஒரு தொகை இருக்கும். கணக்குக்காக அதை ஒரு நாளைக்கு 300 ரூபாய் என்று வைப்போம். முப்பது படுக்கையும் நிரம்பினால் நாளைக்கு 9,000, மாதத்துக்கு 2,70,000. மேலே சொன்ன 20 பேரையும் முறையாக வைத்து அந்தத் தொகையைப் பிரித்தால் ஒருவருக்கு 13,500 வரும். 20 பேருக்குப் பதில் 10 பேரை வைத்தால் மீதி எங்கே போகிறது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நர்ஸுக்கு நியாயமான சம்பளம் கொடுத்தால் நோயாளியின் பில் ஏறும் என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. ஓரளவுக்கு அது சரி. காப்பீட்டுத் திட்டப் பேக்கேஜில் நர்சிங் எல்லாம் சேர்ந்தே அடங்கிவிடும், தனியாக வாங்க முடியாது என்பதும் சரி. ஆனால் நர்சிங் பெயரில் நோயாளி கொடுக்கும் பணம் நர்ஸுக்குப் போகிறதா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

சம்பளம்

தனியாரில் இருந்து ஆரம்பிப்போம். கொங்கின் சின்ன ஊர்களில் படிப்பு முடித்த புது நர்ஸுக்கு 10,000 முதல் 15,000 ரூபாய் என்று தொடங்குவது சாதாரணம். கோவையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் அதைவிடக் கொஞ்சம் மேல். அதில் ஹாஸ்டல், மெஸ், யூனிஃபார்ம் என்று பிடித்தம் போக மீதிதான் கைக்கு. திருப்பூரில் கை வேகமான டெய்லர் பீஸ் ரேட்டில் எடுப்பதைவிட இது குறைவு. நாலு வருஷப் படிப்பும் கல்விக் கடனும் வைத்திருக்கும் பெண் அந்த டெய்லரின் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். ஒப்பிடாமல் இருக்க முடியுமா?

ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். பல வருஷம் அனுபவம் உள்ள தனியார் நர்ஸ்கள் பலர் இன்னும் அந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கிறார்கள். தன் ஆஸ்பத்திரியில் தனக்கே உடம்பு சரியில்லை என்றால் அங்கே படுத்து வைத்தியம் பார்க்கும் வசதி அவருக்கு இல்லை. சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ.க்குப் போக வேண்டும். இது எனக்கு ரொம்ப வருத்தம் தரும் விஷயம்.

இந்த நிலைமை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னதன் பேரில் ஒன்றிய அரசு நிபுணர் குழு அமைத்தது. குழுவின் பரிந்துரை தெளிவானது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரி, மாநில அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும். 100 முதல் 200 படுக்கை என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் கீழ் என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. சட்டமாக்க வேண்டியவை மாநிலங்கள். தமிழ்நாட்டில் அது பரிந்துரை என்ற அளவிலேயே நின்றுவிட்டது.

எல்லையைத் தாண்டினால் கதை வேறு. கேரளத்தில் 2011-இல் உருவான யுனைடெட் நர்சஸ் அசோசியேஷன் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போராடியது. 2018 ஏப்ரலில் கேரள அரசு குறைந்தபட்சச் சம்பளமாக 20,000 ரூபாயை அறிவித்தது. படுக்கை எண்ணிக்கை கூடக்கூட அது 30,000 வரை ஏறும். ஆஸ்பத்திரி முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள், அமலாக்கத்தில் இழுபறி இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனாலும் பேரம் பேசுவதற்கு ஒரு எண் கிடைத்தது. பாலக்காட்டுப் பெண் அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கோவைக்கு வர வேண்டிய காரணம் குறைந்தது. கொங்கில் இப்படி ஒரு சங்கம் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குள் வேர் பிடிக்கவில்லை. வேலை பார்ப்பவர்கள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண்கள். ஹாஸ்டலும் நிர்வாகத்துடையது. இரண்டு வருஷத்தில் போய்விடுவோம் என்று அவர்களுக்கே தெரியும். சங்கம் கட்ட யாருக்கு நேரம்?

சரி, அரசு வேலை? அங்கேதான் எனக்கு ஏமாற்றம் அதிகம். எய்ம்ஸ் போன்ற ஒன்றிய அரசு நிறுவனங்களில் நர்சிங் ஆபீசரின் அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது. தமிழ்நாட்டிலும் நிரந்தர நர்ஸின் சம்பளம் கௌரவமானது. ஆனால் நிரந்தரத்துக்குள் போகும் வாசல் குறுகிப்போனது. 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்தது. அது தேர்வு வைத்து 2015-இல் எடுத்த ஆயிரக்கணக்கான நர்ஸ்களுக்குக் கொடுத்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு சேர்ந்தார்கள். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறைத் தலைமை அலுவலகமான டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடியதற்கு அதுதான் காரணம். ஊதியம் 14,000 ஆனது, பிறகு 18,000 ஆனது. நிரந்தரம் ஆவது மட்டும் காலியிடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. கொரோனாவில் தற்காலிகமாக எடுத்தவர்களை 2022 டிசம்பர் 31-ஓடு போகச் சொன்னார்கள். பி.பி.இ. பாதுகாப்பு உடைக்குள் எட்டு மணி நேரம் நின்ற பெண்கள் 2023 ஜனவரியில் சேலத்தில் ரோட்டில் உட்கார்ந்தார்கள்.

ஒரே வார்டு, ஒரே ஷிஃப்ட், ஒரே வேலை. ஒருவருக்கு ஊதிய உயர்வு, அகவிலைப்படி, ஒரு வருஷப் பேறுகால விடுப்பு. பக்கத்தில் நிற்பவருக்குத் தொகுப்பூதியம். ஒப்பந்த நர்ஸுக்கும் பேறுகாலச் சலுகை உண்டு என்று 2025 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கர்ப்பிணிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்கள் தங்கள் பிரசவ விடுப்புக்கு நீதிமன்றம் போனார்கள் என்பதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கத் தொடங்கியது மூன்று நர்ஸ்களை முறை வைத்துப் போட்டதால்தான். இன்று மருத்துவமனைப் பிரசவம் 99 சதவீதத்துக்கு மேல் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தச் சாதனையைத் தோளில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில் வேலை தொடங்கியவர்கள்.

எங்கே போகிறார்கள்

இரண்டு வருஷ அனுபவம் என்பது வெளிநாட்டுக்குப் பாஸ் மாதிரி. வளைகுடா நாடுகள் அதைக் கேட்கின்றன. அதனால் தனியார் ஆஸ்பத்திரியின் குறைந்த சம்பளத்தைப் பலர் அனுபவச் சான்றிதழுக்கான விலையாகவே சகித்துக்கொள்கிறார்கள். ஏஜென்ட்டுகள் லட்சக்கணக்கில் வாங்கி ஏமாற்றியதைப் பார்த்துத்தான் 2015-இல் ஒன்றிய அரசு ஒரு விதி போட்டது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸ்கள் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ஜெர்மனி, பிரிட்டன் போக விரும்புகிறவர்கள் மொழித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். போகிறவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. ஒரு பெண் குவைத்தில் பத்து வருஷம் இருந்தால் வீட்டில் கடன் தீர்கிறது, தம்பி படிக்கிறான், ஓட்டு வீடு மாடி வீடு ஆகிறது.

போகாதவர்களில் ஒரு பகுதி கல்யாணத்தோடு நிற்கிறது. "நைட் டூட்டி எல்லாம் வேண்டாமுங்க, பகல்ல வேலைன்னா போகட்டும்" என்று மாப்பிள்ளை வீடு சொல்லும். குழந்தை பிறந்தால் ராத்திரி யார் பார்ப்பது என்ற கேள்வி நியாயமானதும்கூட. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-லேயே சட்டத் திருத்தம் வந்தது. ராத்திரி ஷிஃப்டுக்கும் திறந்திருக்கும் காப்பகம் ஒன்றைக் கொங்கில் நான் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருந்தால் முப்பது வயதைத் தாண்டிய எத்தனையோ பேர் வார்டிலேயே இருப்பார்கள்.

அவர்கள் இல்லாததன் விலையை நோயாளி கொடுக்கிறார். அனுபவமுள்ள நர்ஸ், மானிட்டர் சத்தம் போடுவதற்கு முன்பே முகத்தைப் பார்த்து 'இந்த அய்யனுக்கு மூச்சு சரியில்லை, டாக்டரைக் கூப்பிடு' என்பார். அது வருஷக்கணக்கில் வருவது. ஒவ்வொரு இரண்டு வருஷத்துக்கும் வார்டு முழுக்க ஆள் மாறினால் அந்த அறிவு சேரவே சேராது.

தேவை குறையப்போவதும் இல்லை. அதே ஐந்தாவது குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8. கொங்கில் ஒற்றைப் பிள்ளைக் குடும்பம் ரொம்ப நாளாகவே சாதாரணம். அந்தப் பிள்ளை பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறது. கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் வளர்ந்துவிட்டன. வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்க்க 'ஹோம் நர்ஸ்' அனுப்பும் ஏஜென்சிகள் தெருவுக்கு ஒன்று. அதில் வருபவர் பதிவு பெற்ற நர்ஸா என்று கேட்கும் குடும்பம் குறைவு. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதன் நோய்த்தணிப்பு நர்ஸ் ஊர் ஊராக வண்டியில் போய்ப் புண் கட்டுகிறார், ட்யூப் மாற்றுகிறார். கொங்கின் அடுத்த இருபது வருஷத்துக்கு மிகவும் தேவைப்படப்போகும் நர்ஸ் இவர்தான். இவரும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்.

தங்குகிறவர்களை வளர்க்க முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் சிட்டிலிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-இல் பழங்குடி மக்களுக்காக ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். வெளியூர் நர்ஸ் வருவார் என்று காத்திருக்காமல் அந்தப் பள்ளத்தாக்குப் பெண்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். நீலகிரி மாவட்டம் கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை 1990-லிருந்து செய்வதும் அதுதான். அந்தப் பெண்கள் ஊரை விட்டுப் போகவில்லை. நோயாளியின் மொழியைப் பேசுகிறார்கள், நைட் டூட்டி முடிந்து நடந்தே வீடு போகிறார்கள். இந்த முறையை அப்படியே கோவை அவிநாசி ரோட்டில் வைக்க முடியாது. ஆனால் அந்தியூர், தாளவாடி, வால்பாறை அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அந்தந்த வட்டாரப் பெண்களையே அரசு நர்சிங் பள்ளியில் சேர்த்துப் படிக்கவைத்து, அங்கேயே நிரந்தரப் பணி தருவதற்கு என்ன தடை?

தனியாருக்கு வேறு வழி. தனியார் ஆஸ்பத்திரி வேலை குறைந்தபட்ச ஊதியத்துக்குள் வரும் தொழில்தான். கேரளம் செய்தது போல நர்ஸைத் தனி வகையாகப் பிரித்து, படுக்கை எண்ணிக்கைப்படி ஊதியம் நிர்ணயிக்க மாநிலத் தொழிலாளர் துறையின் அறிவிக்கை போதும். அதில் முதல் வருஷ நர்ஸுக்கும் ஐந்தாம் வருஷ நர்ஸுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் வைக்க வேண்டும். இன்று அந்த வித்தியாசம் பல இடங்களில் ஆயிரம், இரண்டாயிரம்தான். கூடவே ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஷிஃப்டுக்கு எத்தனை பதிவு பெற்ற நர்ஸ்கள் இருக்கிறார்கள் என்பதை வார்டு வாசலில் எழுதிப்போட வேண்டும். மருத்துவமனைகளுக்கு உரிமம் தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1997-லிருந்தே இருக்கிறது, விதிகள் 2018-இல் வந்தன. அந்த உரிமத்தைப் புதுப்பிக்க வரும் அதிகாரி படுக்கையை எண்ணுகிறார், தீயணைப்புக் கருவியைப் பார்க்கிறார். ராத்திரி டூட்டி ரோஸ்டரையும் வாங்கி, அதில் உள்ள பெயர்களைக் கவுன்சில் பதிவு எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை.